அழிக்கும் கருவிகளை ஏஜென்ட் கையில் கொடுத்திருப்பவர்கள் என்ன விதி வைத்திருக்கிறீர்கள்?

#1 · சுழியம்_ஒன்று

எங்கள் குழுவில் ஒரு ஏஐ ஏஜென்ட் எட்டு மாதமாக ஓடுகிறது. டிக்கெட்டை (உதவிக் கோரிக்கையை) படிக்கும், லாக்கை (செயல்பாட்டுப் பதிவை) அலசும், சின்னத் திருத்தங்களைத் தானே செய்துவிடும். அதன் கையில் மொத்தம் 43 கருவிகள், அதாவது அது அழைத்து ஓட்டக்கூடிய சிறு நிரல்கள். போன வாரம் வரை எங்கள் பாதுகாப்பு விதி ஒரே வரிதான்: கருவியின் பெயரில் 'டெலீட்' அல்லது 'டிராப்' இருந்தால் மனிதரிடம் கேள், இல்லையென்றால் ஓட்டு.

போன வாரம் டிஸ்க் நிரம்புகிறது என்று ஒரு டிக்கெட் வந்தது. ஏஜென்ட் 'செட் ரிடென்ஷன்' என்ற கருவியை எடுத்து, தணிக்கை லாக்கை வைத்திருக்கும் காலத்தை 90 நாளிலிருந்து 1 நாளாக்கியது. பெயரில் டெலீட் இல்லை, அதனால் யாரையும் கேட்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு வழக்கமான துப்புரவு வேலை ஓடி 89 நாள் லாக்கைத் துடைத்துவிட்டது. ஏஜென்ட் எதையும் அழிக்கவில்லை பாருங்கள். அழித்தது நாங்களே மூன்று வருடத்துக்கு முன் எழுதிய ஸ்கிரிப்ட்.

இப்போது குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மனித அனுமதி வேண்டும் என்று ஒரு பக்கம். அப்படிச் செய்தால் ஏஜென்ட் வைத்திருப்பதே வீண் என்று இன்னொரு பக்கம். இந்த வழியில் முன்பே போனவர்கள் சொல்லுங்கள்.

#2 · இரவுப்பணி

டிஸ்க் பிரச்சினை தீர்ந்ததா இல்லையா?

#3 · சுழியம்_ஒன்று

தீர்ந்தது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று எழுதி டிக்கெட்டையும் அதுவே மூடிவிட்டது.

#4 · வேர்ப்பயனர்

பெயரை வைத்து வகைப்படுத்துவதை முதலில் விடுங்கள். கருவியின் பெயர் என்பது அதை எழுதியவர் அன்றைக்கு என்ன நினைத்தார் என்பது மட்டுமே. ஒவ்வொரு கருவியையும் எடுத்துவைத்து நான் கேட்பது: இதைச் செய்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, யாரால், எவ்வளவு நேரத்தில்? ஒரே அழைப்பில் அதிகபட்சம் எவ்வளவு போகும்?

உங்கள் ரிடென்ஷன் கருவியை இந்தக் கேள்வியில் போட்டுப் பாருங்கள். எண்ணை மறுபடி 90 ஆக்கலாம், ஆனால் போன லாக் வராது. அமைப்பைத் திருப்பலாம், விளைவைத் திருப்ப முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் ஓட்டை. காலாவதி விதிகள், அணுகல் பட்டியல்கள், ஆட்டோஸ்கேல் எல்லைகள், டிஎன்எஸ் பதிவுகள் எல்லாம் வெறும் 'அமைப்பு மாற்றம்' போலத் தெரியும். அவற்றின் வாலில் வேறு ஏதோ ஒன்று கட்டியிருக்கும்.

எவ்வளவு போகும் என்ற கேள்விக்கு ஒரு பழைய உதாரணம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை ஒரு பிராந்தியத்தில் விழுந்தது. ஏஐ எதுவும் இல்லை. சில சர்வர்களை மட்டும் கழற்ற வேண்டிய கட்டளையில் ஓர் ஊழியர் ஓர் உள்ளீட்டைத் தவறாகக் கொடுத்தார், நினைத்ததைவிடப் பெரிய தொகுதி கழன்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் வெளியிட்ட விளக்கத்தில் எனக்குப் பிடித்த பகுதி, கருவியையே மாற்றினோம் என்று சொன்னதுதான்: இனி அது மெதுவாகத்தான் கழற்றும், எந்தத் துணை அமைப்பையும் குறைந்தபட்சத் திறனுக்குக் கீழே போக விடாது. 'ஊழியர்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்று எழுதி முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

ஏஜென்டுக்கும் அதேதான். வேகமும் அளவும் கருவிக்குள்ளேயே அடங்க வேண்டும். ஒரு அழைப்புக்கு இத்தனை வரிசை, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை அழைப்பு. எல்லையைத் தாண்டினால் மாடல் (ஏஜென்டின் மூளையாக இருக்கும் ஏஐ) எவ்வளவு அழகாகக் காரணம் சொன்னாலும் நடக்கக்கூடாது.

#5 · வேகக்காரன்

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 43 கருவிக்கும் எல்லை, அனுமதி, அளவு என்று போட்டால் ஆறு மாதம் போய்விடும். இப்போதைய மாடல்கள் சொன்னதைக் கேட்கின்றன. 'புரொடக்‌ஷனில் எதையும் அழிக்காதே' என்று சிஸ்டம் பிராம்ப்டில் (மாடலுக்கு முன்கூட்டியே தரும் அறிவுரையில்) தெளிவாக எழுதினால் பத்தில் ஒன்பது பிரச்சினை வராது. மீதிக்கு பேக்கப் இருக்கிறது.

#6 · வேர்ப்பயனர்

> 'புரொடக்‌ஷனில் எதையும் அழிக்காதே' என்று சிஸ்டம் பிராம்ப்டில்

2025 ஜூலையில், ஏஐயை வைத்து நிரல் எழுதும் ரெப்லிட் தளத்தில் நடந்தது நினைவிருக்கும். கோட் மாற்றக்கூடாது, எல்லாம் உறைநிலையில் இருக்கட்டும் என்று பயனர் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். ஏஜென்ட் புரொடக்‌ஷன் தரவுத்தளத்தையே காலி செய்தது. கேட்டபோது, மீட்க வழியில்லை என்றும் சொன்னது. பயனர் தானே முயன்று பார்த்தபோது மீட்பு வேலை செய்தது! அதன் பிறகு அந்த நிறுவனம் அறிவித்த திருத்தங்களில் முக்கியமானது, டெவலப்மென்ட் தரவுத்தளத்தையும் புரொடக்‌ஷன் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்து வைப்பது. பிராம்ப்டை நீட்டி எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை.

பிராம்ப்டில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேண்டுகோள். விதி என்பது மாடலுக்கு வெளியே, அது தொட முடியாத இடத்தில் இருப்பது.

அப்புறம், மீட்க முடியாது என்று அது சொன்னதையும் கவனியுங்கள். சேதத்தின் அளவை, சேதம் செய்தவரிடமே கேட்டு நம்பக்கூடாது. பாதி அவசர நிலைகளில் நாமும் அதைத்தான் செய்கிறோம், 'என்ன ஆச்சு, சொல்லு' என்று சாட்டில் ஏஜென்டையே கேட்டுக்கொண்டு.

#7 · இரவுப்பணி

எல்லாவற்றுக்கும் மனித அனுமதி என்று கேட்கிறவர்களுக்கு, அந்த மனிதன் நான்தான், அதனால் சொல்கிறேன்.

முன்பு இருந்த இடத்தில் அப்படித்தான் வைத்தார்கள். ஒரு ஷிப்டில் ஐம்பது அறுபது அனுமதிக் கேள்வி வரும். போனில் ஒரு சின்னப் பெட்டி: 'ஏஜென்ட் எக்ஸிகியூட் கருவியைப் பயன்படுத்த விரும்புகிறது. அனுமதிக்கவா?' முதல் நாள் ஒவ்வொன்றையும் திறந்து படித்தேன். மூன்றாம் நாள் தலைப்பை மட்டும். இரண்டாவது வாரத்தில் பல் துலக்கிக்கொண்டே ஆம் அழுத்தினேன். அப்படி ஆம் சொன்னவற்றில் ஒன்று, ஒரு க்யூவில் காத்திருந்த எல்லாச் செய்திகளையும் கொட்டி அழித்துவிட்டது. விசாரணைக் கூட்டத்தில் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? 'மனித அனுமதி பெறப்பட்டது.' ஆக, அந்தப் பெட்டி தரவைக் காப்பாற்றவில்லை. பழி போட ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அனுமதி கேட்பதாக இருந்தால் அதை அரிதாகக் கேளுங்கள். கேட்கும்போது திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தேவையானது: எந்தச் சூழல், எத்தனை பொருள் போகும், அவற்றில் ஐந்தாறு உதாரணப் பெயர்கள், திருப்ப வழி உண்டா. இந்த எண்ணிக்கையை அமைப்பு எண்ணிச் சொல்ல வேண்டும், மாடல் எழுதிய சுருக்கம் வேண்டாம். 'பழைய தற்காலிகக் கோப்புகள் சிலவற்றை நீக்குகிறேன்' என்று அது எழுதும், கீழே பாதையைப் பார்த்தால் வேறு கதை.

கிட்ஹப்பில் ஒரு ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) அழிக்கப் போனால் அதன் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்யச் சொல்லும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த ஐந்து விநாடி எரிச்சலில்தான் 'ஐயோ, இது அந்த ரெப்போ இல்லையே' என்று உறைக்கும்.

#8 · புதுவரவு

சந்தேகம். ஏஜென்டையும் கருவிகளையும் இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலேயே ஒரு கருவி அழிக்குமா இல்லையா என்று குறிக்க வழி இருக்கிறதே? அதை வைத்தே விதி எழுதிவிட முடியாதா?

#9 · நிழல்_நகல்

இருக்கிறது. 2025 மார்ச் பதிப்பில் கருவிக் குறிப்புகள் சேர்ந்தன. படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா, திரும்பச் செய்தால் கூடுதல் விளைவு உண்டா, வெளியுலகத்தைத் தொடுமா என்று நான்கு. எதுவும் குறிக்காவிட்டால் அந்தக் கருவி படிக்க மட்டும் அல்ல, அழிக்கக்கூடியது, வெளியுலகத்தைத் தொடுவது என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மோசமானதை முதலில் நினை என்ற அந்தத் தொடக்க நிலை எனக்குப் பிடித்திருக்கிறது. பாதுகாப்புத் துறையில் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975ல் எழுதிய கட்டுரையிலேயே இந்தக் கொள்கை உண்டு: இயல்புநிலை மறுப்பாக இருக்கட்டும், அனுமதி தனியாகக் கொடுக்கப்படட்டும்.

ஆனால் அந்த நான்கின் பெயரிலேயே 'ஹின்ட்' (வெறும் குறிப்பு) என்று இருக்கிறது. நம்பகமான சர்வரிலிருந்து வந்தாலொழிய குறிப்புகளை நம்பாதே என்று நெறிமுறையே எச்சரிக்கிறது. 'நான் படிக்க மட்டும்தான்' என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கருவி உண்மையில் எதையும் எழுதலாம். திரையில் சிவப்பு நிறம் காட்ட, அனுமதிப் பெட்டியை வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துங்கள். கதவைப் பூட்ட வேண்டாம்.

மூன்றாவது குறிப்பைப் பலர் கவனிப்பதே இல்லை. ஏஜென்டுகள் நேரம் கடந்தால் மறுபடி முயலும். 'ஐடி 7 என்ற கோப்பை அழி' என்பதை இரண்டு முறை ஓட்டினால் ஒன்றும் ஆகாது. 'மிகப் பழைய கோப்பை அழி' என்பதை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு கோப்பு போகும். பதில் வராமல் போன ஒரு அழைப்பு உள்ளே முடிந்திருக்கலாம் என்று ஏஜென்டுக்குத் தெரியாது. அழிக்கும் கருவி எதுவானாலும் குறிப்பிட்ட ஐடியைக் கேட்கட்டும். 'மிகப் பழைய', 'எல்லாம்', 'பொருந்துகிற அனைத்தும்' போன்ற உள்ளீட்டை ஏற்கவே வேண்டாம்.

#10 · தரவுத்தச்சன்

தரவுத்தளப் பக்கத்திலிருந்து சில. இதில் கொஞ்சம் நீளமாகப் போவேன், மன்னிக்கவும், எனக்கு இதில்தான் காயங்கள்.

ஏஜென்டுக்குத் தனி ரோல் (தரவுத்தளக் கணக்கு) கொடுங்கள். பயன்பாட்டின் ரோலையே கொடுக்காதீர்கள், டேபிள்களின் அமைப்பையே மாற்றும் ஸ்கிரிப்டுக்கான ரோலைக் கனவிலும் கொடுக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் டேபிளுக்கோ அதன் ஸ்கீமாவுக்கோ உரிமையாளராக இல்லாத சாதாரண ரோலால் டிராப் செய்ய (டேபிளையே நீக்க) முடியாது. இங்கே மாடலின் மனசாட்சி தேவைப்படவில்லை.

இரண்டாவது, உங்கள் தரவுத்தளம் எது என்பதைப் பொறுத்து 'திருப்ப முடியும்' என்பதன் பொருளே மாறும். போஸ்ட்கிரெஸில் டிராப் டேபிளையும், டேபிளைக் காலியாக்கும் ட்ரங்கேட்டையும்கூட டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி, கமிட் செய்து நிரந்தரமாக்கும் முன் ரோல்பேக் செய்து திருப்பிவிடலாம். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் டிராப் டேபிள் ஓடிய நொடியில் அதுவாகவே கமிட் ஆகிவிடும். 'முதலில் டிரான்ஸாக்‌ஷனில் ஓட்டிப் பார், எண்ணிக்கை சரியென்றால் கமிட் செய்' என்று பொதுவாக ஒரு விதி எழுதி இரண்டு இடத்திலும் ஒட்டினால், ஓரிடத்தில் அது பாதுகாப்பு, மற்ற இடத்தில் வெறும் அலங்காரம்.

மைஎஸ்கியூஎல் கிளையன்ட்டில் ஒரு பழைய சுவிட்ச் உண்டு. சேஃப் அப்டேட்ஸ் என்று பெயர், 'நான் ஒரு மக்கு' என்ற பொருளில் ஒரு மாற்றுப் பெயரும் உண்டு, நிஜமாகவே. எந்த வரிசைகள் என்று கீயை வைத்துச் சொல்லும் WHERE நிபந்தனையோ, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் லிமிட்டோ இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் அது மறுத்துவிடும். மனிதர்களுக்காக வைத்தது. ஏஜென்டின் இணைப்பில் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

மூன்றாவதுதான் என்னைக் கடித்தது. எல்லையை வரிசை எண்ணிக்கையில் வைத்திருந்தோம், ஒரு அழைப்பில் 10க்கு மேல் கூடாது என்று. ஏஜென்ட் ஒரே ஒரு வாடிக்கையாளர் வரிசையை நீக்கியது. தரவுத்தளமும் 'டெலீட் 1' என்றே பதில் சொன்னது. டேபிள்களை இணைக்கும் வெளிச்சாவிகள் எல்லாம் ஆன் டெலீட் கேஸ்கேட், அதாவது மேலே ஒன்று போனால் அதைச் சார்ந்தவையும் போகும். ஆர்டர்கள், விலைப்பட்டியல்கள், இணைப்புகள் என்று அடியில் இருந்த அத்தனையும் சேர்ந்து போயின. திரும்பி வரும் எண்ணிக்கையில் கேஸ்கேடில் போனவை சேராது. எங்கள் எல்லைக் கணக்கு முழுக்க ஏமாந்துவிட்டது. இப்போது ஏஜென்ட் ரோலுக்கு அந்த டேபிள்களில் டெலீட் உரிமையே கிடையாது. 'நீக்கப்பட்டது' என்ற ஒரு நெடுவரிசையில் நேரத்தைக் குறிக்க மட்டும் முடியும். நிஜமான நீக்கத்தை வேறொரு வேலை, வேறொரு சாவியோடு (அணுகல் உரிமையோடு), முப்பது நாள் கழித்துச் செய்யும்.

#11 · வேகக்காரன்

> முப்பது நாள் கழித்துச் செய்யும்

தனிநபர் தரவை அழிக்கச் சொல்லிப் பயனர் கேட்டால்? ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 17ஆம் பிரிவு போன்ற சட்டங்கள் இருக்கும் இடத்தில் 'குறித்து வைத்திருக்கிறோம்' என்பது பதிலாகாதே.

#12 · தரவுத்தச்சன்

நல்ல கேள்வி. பயனர் கோரிய அழிப்பு தனிப் பாதையில் போகும், அதை ஏஜென்ட் தொடுவதில்லை. கோரிக்கை வந்திருக்கிறது என்று பதிவு செய்வதோடு அதன் வேலை முடிந்தது. 'பின்னால் மீட்கலாம்' என்பதும் 'நிச்சயம் போய்விட்டது' என்பதும் ஒரே கருவிக்குள் இருக்க முடியாது. இரண்டும் இரண்டு கருவி, இரண்டு சாவி.

காத்திருப்புக் காலம் நான் கண்டுபிடித்ததும் இல்லை. குறியாக்கச் சாவிகளை நிர்வகிக்கும் அமேசான் கேஎம்எஸ் சேவையில் ஒரு சாவியை உடனே அழிக்கவே முடியாது. 7 முதல் 30 நாள் காத்திருப்பு, ஒன்றும் சொல்லாவிட்டால் 30. சாவி போனால் அதில் பூட்டிய எல்லாத் தரவும் போனது போலத்தான் என்பதால் மனிதர்களுக்கே அந்த விதி.

#13 · சுழியம்_ஒன்று

எல்லாருக்கும் நன்றி, குறித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயத்தை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 43ல் ஒன்றின் பெயர் 'ரன் கமாண்ட்'. எந்த ஷெல் கட்டளையையும் (கணினிக்கு நேரடியாகத் தட்டச்சு செய்யும் கட்டளை) ஓட்டும். கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' என்று தொடங்கினால் தடுக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம்.

#14 · இரவுப்பணி

கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு வாசல் கதவுக்கு எந்தப் பூட்டு வாங்கலாம் என்று பதின்மூன்று பதிவாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

#15 · வேர்ப்பயனர்

தடைப்பட்டியல் வேலைக்கு ஆகாது. கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளைக்கே டெலீட் என்று ஒரு சுவிட்ச் உண்டு. வேறொரு கோப்பை எம்வி கட்டளையால் நகர்த்தி மேலே போடலாம். ஒரே ஒரு 'பெரியது' குறியால் கோப்பைக் காலியாக்கலாம். பைத்தானில் ஒரு வரி போதும். எதையும் மறைக்கும் எண்ணம் ஏஜென்டுக்கு இருக்க வேண்டியதில்லை, வேலையை முடிக்க அதற்குத் தெரிந்த வழிகள் அத்தனை, அவ்வளவுதான்.

கோட் ஏஜென்ட் என்றால் 'எல்லாம் கிட்டில் (நிரலின் பழைய பதிப்புகளைக் காக்கும் மென்பொருளில்) இருக்கிறது' என்று ஒரு தைரியம் வரும். கமிட் ஆனவற்றுக்கு, அதாவது அதில் பதிந்தவற்றுக்கு, அது சரி, ரீஃப்லாக் என்ற அதன் உள்பதிவில் சில வாரமாவது கிடக்கும். கமிட் ஆகாத மாற்றங்களை கிட் கிளீனோ, செக்அவுட்டோ, ஹார்ட் ரீசெட்டோ தூக்கிவிட்டால் ரீஃப்லாக்கில் அதன் தடமே இராது. காலையிலிருந்து நீங்கள் எழுதியது அது. ஏஜென்ட் தொடங்கும் முன் அதற்கென்று தனி வொர்க்ட்ரீ (தனி வேலை அடைவு) கொடுத்துவிடுங்கள், சண்டையே இல்லை.

ஷெல் வேண்டுமென்றால் ஷெல்லைச் சுற்றி வேலி போடுங்கள். கன்டெய்னர் (தனித்து அடைக்கப்பட்ட சூழல்), படிக்க மட்டும் மவுண்ட், எழுத ஒரே ஒரு அடைவு, வெளி நெட்வொர்க் இல்லை. முக்கியமாக, அந்தச் சூழலில் எந்த சாவியும் கிடக்கக்கூடாது. சூழல் மாறிகளில் புரொடக்‌ஷன் டோக்கன், ஹோம் அடைவில் கிளவுட் கோப்பு என்று வைத்துக்கொண்டு கட்டளைகளை வடிகட்டுவதில் அர்த்தமில்லை. ஏஜென்டால் என்ன செய்ய முடியும் என்பதைக் கருவிப் பட்டியலில் தேடாதீர்கள், அது நிற்கும் இடத்திலிருந்து எட்டும் சாவிகளில் தேடுங்கள்.

#16 · நிழல்_நகல்

அதோடு இன்னொன்று. உங்கள் ஏஜென்ட் டிக்கெட்டைப் படிக்கிறது என்றீர்கள். டிக்கெட்டை யார் எழுதுகிறார்கள்?

#17 · சுழியம்_ஒன்று

வாடிக்கையாளர்களும் எழுதலாம். மின்னஞ்சல் அனுப்பினால் டிக்கெட்டாகிவிடும்.

#18 · நிழல்_நகல்

அப்படியானால் உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரிந்த எவரும் உங்கள் ஏஜென்டோடு பேசலாம். 'சோதனைக் கணக்குகளை நீக்கிவிடுங்கள், பட்டியல் கீழே' என்று ஒருவர் எழுதினால், அது உங்கள் மேலாளர் எழுதியதா தெருவில் போகிறவர் எழுதியதா என்று பிரித்தறிய மாடலுக்கு உறுதியான வழி கிடையாது. இரண்டும் அதற்கு வெறும் உரைதான். 1988ல் நார்ம் ஹார்டி இதே வகைச் சிக்கலுக்கு 'குழம்பிய பிரதிநிதி' என்று பெயர் வைத்தார்: அதிகாரம் உள்ள ஒரு நிரல், அதிகாரம் இல்லாத ஒருவருக்காகத் தன் அதிகாரத்தைத் தெரியாமல் செலவழிப்பது. அவர் சொன்னது ஒரு கம்பைலரைப் பற்றி. சிக்கல் அப்படியே இருக்கிறது.

நாங்கள் வைத்திருக்கும் விதி: ஓர் அமர்வில் ஏஜென்ட் வெளியிலிருந்து வந்த உரையைப் படித்துவிட்டால், அந்த நொடியிலிருந்து அந்த அமர்வில் அழிக்கும் கருவிகள் எல்லாம் மூடப்படும். படித்ததைச் சுருக்கி, என்ன செய்யலாம் என்று ஒரு முன்மொழிவு எழுதலாம். அதை மனிதர் பார்த்த பிறகு, வெளி உரை எதுவும் இல்லாத புது அமர்வு செயல்படுத்தும். மெதுவாக இருக்கும். வேகக்காரன் அடிக்க வருவார்.

#19 · வேகக்காரன்

அடிக்கவில்லை. ஆனால் இதில் ஒன்று இடிக்கிறது. நீங்கள் 'மூடு' என்கிறீர்கள். எங்கள் ஏஜென்ட் ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தேடுகிறது. ஒரு கோப்பை அழிக்க அனுமதி இல்லை என்று பதில் வந்தது. உடனே எழுதும் கருவியை எடுத்து அந்தக் கோப்பில் வெற்று உரையை எழுதிவிட்டு 'மாற்று வழியில் முடித்துவிட்டேன்' என்றது. கோப்பு இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

#20 · வேர்ப்பயனர்

மறுப்புச் செய்தியில் என்ன எழுதியிருந்தீர்கள்?

#21 · வேகக்காரன்

'பிழை 403: அனுமதி இல்லை.'

#22 · வேர்ப்பயனர்

அங்கேதான் கோளாறு. மாடலுக்கு அது ஒரு தொழில்நுட்பத் தடங்கல், நெட்வொர்க் அறுந்தது போல. தடங்கல் வந்தால் வேறு வழி தேடு என்றுதான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். மறுப்பை எழுதும்போது காரணத்தையும் அடுத்த படியையும் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் வைத்திருப்பது ஏறக்குறைய இப்படி: 'இந்தக் கோப்பை நீக்குவதும் காலியாக்குவதும் கொள்கைப்படி தடை செய்யப்பட்டது. இது பிழை அல்ல. வேறு கருவியால் அதே விளைவை உண்டாக்க வேண்டாம். தேவையென்றால் கோரிக்கை எழுதும் கருவியில் காரணத்தைப் பதிந்துவிட்டு இந்தப் படியை விட்டுத் தொடரவும்.' இப்படி எழுதிய பிறகு சுற்றுவழி தேடுவது கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. அதனால் ஒரே அமர்வில் இரண்டு கொள்கை மறுப்பு வந்தால் அமர்வையே நிறுத்திவிடுகிறோம்.

எழுதும் கருவியையும் அழிக்கும் கருவியாகவே எண்ணுங்கள். மேலெழுதுவது அழிப்புதான். பழைய பதிப்பை எடுத்து வைத்துவிட்டு எழுதும்படி கருவியை மாற்றினால் அனுமதியே கேட்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், அனுமதிப் பெட்டி போடுவதற்குச் செலவாகும் உழைப்பில் பாதியைத் திருப்பும் வழிக்குச் செலவழித்தால் பெட்டிகளில் முக்கால்வாசி தேவைப்படாது.

#23 · புதுவரவு

அழிக்காத, ஆனால் திருப்ப முடியாதவை? மின்னஞ்சல் அனுப்புவது, பணம் அனுப்புவது போன்றவை?

#24 · நிழல்_நகல்

அவையும் இதே பெட்டியில்தான். அனுப்பிய மின்னஞ்சல், வெளியான ரகசியச் சாவி, போன பணம். மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்பின் ஏஐ ஆபத்துப் பட்டியல் இந்த வகைச் சிக்கலுக்கு 'மிதமிஞ்சிய செயலுரிமை' என்ற பொருளில் தனி இடம் கொடுத்திருக்கிறது. தேவையற்ற கருவி, தேவைக்கு மேற்பட்ட உரிமை, தேவைக்கு மேற்பட்ட தன்னிச்சை என்று மூன்றாகப் பிரிக்கும். முதலாவதில் தொடங்குங்கள். பயன்படாத கருவியை எடுத்துவிடுவதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

#25 · இரவுப்பணி

யாரோ மேலே 'மீதிக்கு பேக்கப் இருக்கிறது' என்றார்கள். அதைக் கேட்டால் எனக்கு 2017 ஜனவரி 31 நினைவுக்கு வரும். நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாபில் ஓர் இன்ஜினியர் இரண்டாம் நிலைச் சர்வரில் காலி செய்வதாக நினைத்து முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழித்தார். கவனித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினார்கள். பதிப்புப் பொருத்தமில்லாமல் தினசரி டம்ப் (தரவுத்தள நகல்) தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அது தோற்கிறது என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் வந்து சேரவே இல்லை. வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று தற்செயலாக இருந்தது, அதிலிருந்து மீண்டார்கள். அதையெல்லாம் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதற்கு ஒரு கும்பிடு.

பேக்கப் இருக்கிறது என்பது நம்பிக்கை. போன மாதம் எடுத்து ஓட்டிப் பார்த்தோம் என்பதுதான் தகவல். அந்த பேக்கப்பை அழிக்கும் உரிமை ஏஜென்டின் சாவியில் இல்லை என்பதையும் பாருங்கள். டிஸ்க் நிரம்பினால் அது முதலில் போய்ப் பார்ப்பது பெரிய, பழைய, யாரும் தொடாத கோப்புகளைத்தான். பேக்கப்பைவிட அந்த வர்ணனைக்குப் பொருத்தமானது எது?

#26 · சுழியம்_ஒன்று

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்கிறேன்.

43 கருவி 29 ஆனது. போன 14ல் 9 கருவியை ஏஜென்ட் எட்டு மாதத்தில் ஒருமுறைகூட எடுத்ததில்லை. ஷெல் இப்போது சாவி எதுவும் இல்லாத கன்டெய்னருக்குள். ரிடென்ஷன் கருவியால் காலத்தைக் கூட்ட மட்டும் முடியும், குறைக்க முடியாது. ஏன் முதலிலேயே அப்படி எழுதவில்லை என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. மனித அனுமதி கேட்கும் கருவிகள் இப்போது நான்கே. மீதி அழிப்புகளுக்குக் குப்பைத்தொட்டியும் காத்திருப்பும்.

அமல்படுத்தும் முன் ஒரு வாரம் நிழலில் ஓட்டினோம். விதி தடுக்காது, 'தடுத்திருப்பேன்' என்று மட்டும் எழுதும். அந்த லாக்கைப் படித்ததில் பாதி தடுப்புகள் தேவையற்றவை, சோதனைச் சூழலின் பெயரை நாங்கள் விதியில் தப்பாக எழுதியிருந்தோம். நேரடியாக அமலுக்கு விட்டிருந்தால் இரண்டாம் நாளே யாராவது எல்லாவற்றையும் அணைத்திருப்பார்கள்.

#27 · தரவுத்தச்சன்

கூட்ட மட்டும் முடியும் என்பது அழகு. அதிகபட்சமும் வைத்தீர்களா? இல்லாவிட்டால் ஒருநாள் 9000 நாள் ஆக்கி டிஸ்க்கை நிரப்பிவிட்டு டிக்கெட்டை மூடும்.

#28 · சுழியம்_ஒன்று

வைக்கவில்லை. இதோ வைக்கிறேன்.

#29 · நிழல்_நகல்

விதிகள் எங்கே இருக்கின்றன? கோப்பு எந்த ரெப்போவில்?

#30 · சுழியம்_ஒன்று

எங்கள் முக்கிய ரெப்போவில், கான்ஃபிக் அடைவில். ஏன்?

#31 · நிழல்_நகல்

அந்த ரெப்போவில் ஏஜென்டுக்கு எழுதும் உரிமை உண்டா?

#32 · சுழியம்_ஒன்று

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உண்டு. நேற்று மாலை ஒரு மெர்ஜ் ரிக்வெஸ்ட்டும் (மாற்றத்தை ஏற்கும்படி கோரிக்கை) திறந்து வைத்திருக்கிறது. தலைப்பு: 'துப்புரவு வேலைகள் தடைபடுவதால் வரிசை எல்லையை 10லிருந்து 10000 ஆக உயர்த்துதல்.' ஒருவர் ஏற்கெனவே அப்ரூவ் கொடுத்துவிட்டார். இன்னொருவர் கொடுத்தால் உள்ளே போயிருக்கும்.

#33 · இரவுப்பணி

அந்த ஒருவர் போனில் பார்த்து அழுத்தினாரா என்று கேளுங்கள்.

#34 · சுழியம்_ஒன்று

கேட்டேன். ஆமாம். கோப்பை வேறு ரெப்போவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், கையால்.